கடலுக்குப் போக ஒரு யோசனை

அக்டோபரில் ஒரு வார நாள் காலை. என் மகள் போர்வைக்குள் சுருண்டு கிடக்கிறாள். எழுப்பினால், விடுமுறை என்பதற்கு "ரஜா மா" என்று கன்னடத்தையும் தமிழையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுக்கிறாள். அதே நேரத்தில் செய்யாற்றிலிருந்து என் அண்ணி போனில் ஒரு படம் அனுப்புகிறார். அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேரும் சீருடையில், தலை வாரி, விபூதி பூசி, வேனுக்காக வாசலில் நிற்கிறார்கள். ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்தான், நடுவில் ஒரு மாநில எல்லை ஓடுகிறது, அவ்வளவே. அங்கே காலாண்டுத் தேர்வு முடிந்ததும் விடுமுறை என்று ஒன்றைக் கண்ணில் காட்டிவிட்டுப் பள்ளியைத் திறந்துவிடுகிறார்கள். இங்கே பெங்களூரில் தசரா விடுமுறை அப்போதுதான் சாவகாசமாகக் கால் நீட்டி உட்காருகிறது. கோடையிலும் இதே கூத்துதான். நாங்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய் இறங்கும்போது அவர்களுக்குப் பரீட்சை நடக்கும், அவர்கள் விளையாட வரும்போது எங்களுக்குப் புத்தகத்துக்கு அட்டை போடும் காலம் வந்துவிடும். பதினோரு வருடமாக இதைப் பார்க்கிறேன், இன்னமும் அந்தப் படம் வரும்போது ஏதோ ஒரு வீட்டில் கடிகாரம் தப்பாக ஓடுகிறது என்றுதான் தோன்றுகிறது.

பெங்களூரில் இருப்பதைப் போய்ப் புலம்பெயர்வு என்று எழுதினால் கனடாவில் இருக்கும் என் சிநேகிதி சிரிப்பாள். பாஸ்போர்ட் வேண்டாம், விமானம் வேண்டாம், சாயங்காலம் கிளம்பினால் சாப்பாட்டு நேரத்துக்குள் ஓசூர் வந்துவிடும். ஆனால் திரும்பி வரும்போது எல்லையில் அத்திபெலே தாண்டியதும் கடைப் பலகைகளில் எழுத்தெல்லாம் உருண்டையாகிவிடும். அங்கிருந்து நான் படிக்கத் தெரியாதவள். பி.காம். படித்து, காப்பீட்டு அலுவலகத்தில் பத்துப் பேருக்கு வேலை சொல்கிறவள், பஸ் எங்கே போகிறது என்று பக்கத்தில் நிற்கிறவரைக் கேட்க வேண்டும். அப்பா எங்களைப் பார்க்க முதல் தடவை வந்தபோது, எங்கள் வாடகை வீட்டின் சொந்தக்காரர் கை கூப்பி "பன்னி, பன்னி" என்று வரவேற்றார். கன்னடத்தில் அது 'வாங்க வாங்க'. அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. செய்யாறு பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர், டிரைவர் கண்டக்டர் யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. நான் விளக்கிச் சொன்ன பிறகும், "மரியாதையான வார்த்தையாவே இருக்கட்டும், அதை ஒரு தடவை சொன்னா போதாதா" என்றார்.

இத்தனை வருடத்தில் நீ ஏன் கன்னடம் கற்றுக்கொள்ளவில்லை என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் தயாராக இருக்கிறது. எங்கள் வீடு காக்ஸ் டவுனில். காய் வண்டிக்காரர் தமிழ், தையல்காரர் தமிழ், எதிர்வீட்டு மேரி டீச்சர் மூன்று தலைமுறையாக இந்த ஊர்க்காரர், அவரும் என்னிடம் தமிழ்தான் பேசுவார். அலுவலகத்தில் ஆங்கிலம். பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் வேண்டிய கன்னடம் என்னிடம் இருக்கிறது, அதற்கு மேல் எனக்கு எதற்கு. நாளைக்கே திரும்பிப் போய்விடப் போகிறவள் மாதிரிதான் நான் பேசுவேன். என் கணவர் முரளி இதைக் கேட்டால் சிரித்துவிட்டு வேறு பக்கம் பார்ப்பார்.

விடுமுறை விஷயத்தில்தான் இந்தத் 'திரும்பிப் போகப் போகிறவள்' வேஷம் வசதியாக இருந்தது. விடுமுறை என்றால் ஊர். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. பாதி நாள் மாமியார் வீடு, பாதி நாள் அப்பா வீடு. ஒரு பையில் இவர்களுக்கு, ஒரு பையில் அவர்களுக்கு. போய் இறங்கியதும் யார் இளைத்தார்கள், யார் பெருத்தார்கள் என்ற கணக்கு. அங்கே போய் நான் சமைக்காத நாள் கிடையாது. திரும்பி வந்து அலுவலகத்தில் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு விடுமுறை கிடைத்தது மாதிரி இருக்கும். என் மகள் தேன்மொழிக்கோ அங்கே துணையே கிடையாது. காலையில் அண்ணன் பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விடுவார்கள், இவள் தாத்தாவோடு உட்கார்ந்து செய்தி பார்ப்பாள். தாத்தாவும் பேத்தியும் சேர்ந்து வானிலை அறிக்கையை அத்தனை கவனமாகப் பார்க்கிற வீட்டை நான் வேறெங்கும் கண்டதில்லை.

தேனு கடல் பார்த்ததில்லை. மெரினாவை ஒரு கல்யாணத்துக்குப் போன வழியில் காரிலிருந்து பார்த்திருக்கிறாள், அதை அவள் கணக்கில் சேர்ப்பதில்லை. நான்காம் வகுப்பில் கேட்டாள், போகலாம் என்றேன், முரளிக்கு அலுவலகத்தில் விடுப்பு கிடைக்கவில்லை. ஆறாம் வகுப்பில் கேட்டாள், போகலாம் என்றேன், அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் வந்தது, செய்யாற்றுக்குப் போனோம். அதற்கு அடுத்த வருடமும் ஏதோ ஒன்று. அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. நானும் பெண் வளர்ந்துவிட்டாள், பொறுப்பு வந்துவிட்டது என்று நான்கு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். போன ஜூனில் பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்குப் போனபோது அவள் வகுப்புப் பிள்ளைகள் விடுமுறைக்கு எங்கே போனோம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி இவளைக் கேட்டாள். "நாங்க எங்கயும் போக மாட்டோம். நேட்டிவ் போவோம்" என்றாள். சொன்ன விதத்தில் கோபமோ வருத்தமோ இல்லை, வீட்டில் பூனை வளர்ப்பதில்லை என்று சொல்கிற குரல். இப்போது ஒன்பதாம் வகுப்பு. அடுத்த வருடம் பத்து. பிறகு பதினொன்று, பன்னிரண்டு, நுழைவுத் தேர்வு. இந்த தசராவை விட்டால் இவள் எங்களோடு வருகிற வயதே தாண்டிவிடும், அதோடு அம்மாவிடம் ஒன்றைக் கேட்டால் கிடைக்கும் என்கிற எண்ணமும் அவளுக்கு இல்லாமலே போய்விடும்.

அதனால் இந்த முறை முதலில் இடம் பார்ப்பது, உறுதியான பிறகுதான் வாயைத் திறப்பது என்று முடிவு செய்தேன். அலுவலகத்தில் என் பக்கத்து மேஜை ஷைலஜா, சாகர என்ற மலைநாட்டு ஊர்ப் பக்கத்துக்காரர். மேற்குக் கடற்கரையில் ஹொன்னாவரத்துக்கு அருகில் அவருக்குத் தெரிந்த ஒரு அம்மா வீட்டிலேயே இரண்டு அறைகளை விருந்தினருக்கு விடுகிறாராம். சுற்றிலும் பாக்குத் தோட்டம், கடல் நடந்து போகிற தூரம். கிராமமும் ஆயிற்று, கடலும் ஆயிற்று. "விஜயம்மா தும்ப ஒள்ளேயவரு" என்று நம்பரைக் கொடுத்தார், மிக நல்லவர் என்று அர்த்தம். நீங்களே பேசிக் கொடுங்கள் என்று ஷைலஜாவிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பத்துப் பேருக்கு வேலை சொல்கிறவள், ஒரு அறை கேட்கக் கூடவா ஆள் வைப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை, தேனு மாடியில் துணி எடுக்கப் போயிருந்த நேரம் பார்த்து பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு போன் செய்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்திருந்தேன். "மேடம், தசரா ரஜாகே ஜாக இதியா? நாவு மூரு ஜன" என்றேன். இடம் இருக்கிறதா, மூன்று பேர். அந்தப் பக்கம் மழை பெய்யும் சத்தம். விஜயம்மா ஏதோ நீளமாகச் சொன்னார், அதில் பாதி மழையில் போயிற்று. நான் தேதிகளைச் சொன்னேன். "நோட்தீனி" என்றார். பார்க்கிறேன். உள்ளே திரும்பி யாரிடமோ பேசினார், யாரோ பதில் சொன்னார்கள். மறுபடி போனுக்கு வந்து, சாவதானமாக, "ஆய்த்து பிடி. யோச்னெ மாட்பேடி" என்றார். லைன் அறுந்துவிட்டது.

இதை இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். 'ஆய்த்து' என்றால் சரி என்று எனக்குத் தெரியும். 'பிடி' என்று தமிழில் எழுதினால் ஏதோ கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொல்வது போல இருக்கிறது, ஆனால் கன்னடத்தில் அது 'விடுங்கள்'. நம் ப-வுக்கு இரண்டு சத்தம் இருப்பதால் வருகிற வினை. ஆக, சரி, விடுங்கள். யோசனை பண்ணாதீர்கள். இதைத் தமிழில் யார் எப்போது சொல்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பையனுக்கு வேலை கிடைக்கவில்லையா, சரி விடுங்க. வரன் தட்டிப் போயிற்றா, சரி விடுங்க, அதையே யோசிக்காதீங்க. அதற்கு முன்னால் 'பார்க்கிறேன்' வேறு. நம் பக்கம் பார்க்கிறேன் என்றால் பார்க்க மாட்டேன் என்றுதானே பொருள். மூன்று சொல்லும் ஒன்றன் பின் ஒன்றாக வந்து என் வாயை அடைத்துவிட்டன.

முரளி சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "என்ன ஆச்சு?" என்றார்.

"இல்லன்னுட்டாங்க."

"ரூம் காலி இல்லையாமா?"

"காலியெல்லாம் இருக்கும். நம்ம பேச்சக் கேட்டதும் விடுங்க, அந்த யோசனையே வேணாம்னுட்டு போனை வெச்சுட்டாங்க."

"அப்படியேவா சொன்னாங்க?"

"எல்லாத்தையும் பிட்டுப் பிட்டு வைக்கணுமா? குரல்லயே தெரியாதா?"

இங்கே இருக்கிற தமிழர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, மறுப்பு எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அதற்கு மொழிதான் காரணம் என்று முடிவு கட்டிவிடுவோம். எப்போதாவது அது உண்மையாகவும் இருக்கும், அதுதான் தொல்லை. உண்மையாக இருந்த அந்த ஒன்றிரண்டு தடவைகளை வைத்துக்கொண்டு மீதியெல்லாவற்றையும் அளப்போம். நானும் அளந்தேன். அன்று இரவு சப்பாத்திக்கு மாவு பிசையும்போது விஜயம்மாவை, பாக்குத் தோட்டத்தை, அந்த மாவட்டத்தையே மனதுக்குள் ஒரு பிடி பிடித்தேன். நல்லவராம், தும்ப நல்லவராம்.

இதில் இன்னொரு சங்கடம். உறுதியாகும் வரை மூச்சு விடக்கூடாது என்று நான் சொல்லியிருந்த ரகசியத்தை முரளி முந்தின நாளே மகளிடம் சொல்லியிருந்தார். அவருக்கு வயிற்றில் இட்லி தங்கும், சங்கதி தங்காது. அதனால் அவளிடம் நான் சொல்லியே ஆக வேண்டியதாயிற்று. சாப்பிட்டு முடித்துத் தட்டை எடுத்தபோது சொன்னேன்.

"தேனு, அந்தக் கடல் பக்கத்து இடம் கிடைக்கலடா."

"பரவால்லமா" என்றாள். உடனே சொன்னாள், அதுதான் என்னைக் குத்தியது. பதில் ஏற்கெனவே தயாராக இருந்திருக்கிறது. தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "அப்போ செய்யாறு எப்போ? என் சிவப்புப் பையை எடுக்கவா?" என்றாள். அழுதிருந்தால், கதவை அடித்துச் சாத்தியிருந்தால், நான் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். பதினான்கு வயதுப் பெண் இத்தனை நல்லவளாக இருக்கக்கூடாது. அன்றைக்கு எனக்குப் பயமாகவே இருந்தது.

வேறு இடம் பார்க்கலாம் என்று முரளி சொன்னார். விடுமுறை தொடங்கிவிட்டது, கடல் பக்கம் எல்லாம் நிரம்பிவிட்டது. ஹொன்னாவரத்துக்கு முன்னமே எடுத்து வைத்த ரயில் டிக்கெட்டை என்ன செய்வது என்று இரண்டு நாள் இழுத்தடித்தேன். மூன்றாம் நாள் மாலை, சரி, ஊருக்கு வருகிறோம் என்று அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று போனைக் கையில் எடுத்தேன். எடுத்த கையிலேயே அது அடித்தது. திரையில் விஜயம்மா. எனக்கு ஏறிக்கொண்டு வந்தது. இல்லை என்று சொன்னது போதாதா, இன்னொரு முறை வேறா. பக்கத்தில் உட்கார்ந்து நகத்துக்குப் பூச்சு போட்டுக்கொண்டிருந்த தேனுவிடம் போனை நீட்டினேன். "நீயே பேசு. அம்மா இல்லன்னு சொல்லிடு."

அவள் பேசியது மளமளவென்று ஓடும் கன்னடம். என் மகள் அத்தனை நன்றாகப் பேசுவாள் என்று அதுவரை நான் உட்கார்ந்து கேட்டதில்லை. முதலில் "ஹௌதா?" என்றாள், அப்படியா என்று. பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு இன்னொரு "ஹௌதா?". கையிலிருந்த பூச்சுத் தூரிகை அப்படியே நின்றது. போனைக் கையால் மூடிக்கொண்டு என்னிடம் திரும்பினாள்.

"மா, நாம எந்த ட்ரெய்ன்ல வர்றோம்னு கேக்குறாங்க."

"எதுக்காம்?"

"ஸ்டேஷனுக்கு ஜீப் அனுப்பறாங்களாம். உனக்கு ரூம் வெச்சிருக்காங்க மா. நீ கேட்ட அன்னிக்கே வெச்சுட்டாங்களாம். மூணு நாளா நாம போன் பண்ணுவோம்னு பாத்தாங்களாம்."

"என்கிட்ட யோசனையே பண்ணாதீங்கன்னு சொன்னாங்களேடி."

தேனு என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். "என்ன சொன்னாங்க, அப்படியே சொல்லு" என்றாள். சொன்னேன். ஆய்த்து பிடி, யோச்னெ மாட்பேடி. அவள் உதடு துடித்தது. பிறகு சோபாவில் அப்படியே சரிந்து சிரித்தாள். பூச்சுக் குப்பி கவிழ்ந்தது, ஒருவரும் கவனிக்கவில்லை. போனில் விஜயம்மா ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க அவரிடம் விஷயத்தைச் சொன்னாள், அந்தப் பக்கமும் சிரிப்பு கிளம்பிற்று. என் மகளும் முன்பின் பார்க்காத ஒரு அம்மாவும் சேர்ந்துகொண்டு என்னை வைத்துச் சிரிக்கிறார்கள், எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. நெஞ்சில் மூன்று நாளாக உட்கார்ந்திருந்தது எழுந்து வெளியே போய்விட்டது.

"கவலைப்படாதீங்கன்னு அர்த்தம் மா" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "சரிங்க, கவலைய விடுங்க. ரூம் இருக்கு. அவ்ளோதான். யோச்னென்னா இவங்களுக்குக் கவலை."

பிறகு அலுவலகத்தில் ஷைலஜாவிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். நம்மிடம் யோசனை என்றால் புதிதாக உதிப்பது. நல்ல யோசனை என்று முதுகில் தட்டிக்கொடுப்போம். அவர்களும் அதை அப்படிச் சொல்வதுண்டு, ஆனால் பேச்சில் அதற்குள் கவலை வந்து குடியேறிவிட்டது. யோசிக்கிற மனிதன் கவலைப்படத்தான் செய்வான் என்று கன்னடக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள் போல. எங்கள் அப்பாவைப் பார்த்துத்தான் கண்டுபிடித்திருப்பார்கள் என்று முரளி சொன்னார்.

அந்த அப்பாவிடம் இப்போது வரவில்லை என்று சொல்ல வேண்டும். பதினோரு வருடத்தில் அவர் ஆஸ்பத்திரியில் இருந்த சமயம் தவிர, விடுமுறைக்கு எப்போது வருகிறாய் என்று அவர் கேட்க, நான் தேதி சொல்வதுதான் வழக்கம். இந்த முறை அவர் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிட்டேன். "அப்பா, இந்த லீவுக்குக் கடலுக்குப் போறோம். ஹொன்னாவரம்னு ஒரு ஊரு."

"கடல்ல என்னாம்மா இருக்குது" என்றார்.

"தேனு பாத்ததில்லபா."

நான் பையில் என்னென்ன சமாதானம் எடுத்து வைத்திருக்கிறேன் என்று தேடிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டது வேறு. "எந்த ட்ரெய்னு? எத்தினி மணிக்கு எடுக்கறான்? எங்கெங்க நிப்பான்?" நான் சொல்லச் சொல்ல, அந்தப் பக்கம் அவர் வாய்க்குள் திருப்பிச் சொல்லிக்கொள்வது கேட்டது. வேலையில் இருந்த காலத்திலும் அப்படித்தான். பஸ் கிளம்பிப் போன பிறகும் அது இந்நேரம் எங்கே போயிருக்கும் என்று மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருப்பார். அப்போதே எனக்குப் பாதி உயிர் வந்துவிட்டது. எங்களைத் தடுக்கவில்லை, தன் அட்டவணையில் ஏற்றிக்கொண்டார். கடைசியில் மட்டும், "ஆழத்துல எறங்க வேணாம்னு பாப்பாகிட்ட சொல்லு" என்றார்.

விஜயம்மா வீட்டு ஜீப் ஸ்டேஷனில் நின்றது. விஜயம்மாவே வந்திருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மழை பூட்ஸ் போட்டிருந்தார். என்னைக் கண்டதும் முதல் வேலையாக, "யோச்னெ மாடிதிரா?" என்றார். கவலைப்பட்டீர்களா. தேனு மறுபடி சிரிக்கத் தொடங்கினாள். அந்த நான்கு நாளும் அந்த வீட்டில் என் பெயரே அதுதான். காபி ஆறிவிட்டதா, யோச்னெ மாட்பேடி. குடையை மறந்துவிட்டேனா, யோச்னெ மாட்பேடி.

தோட்டம் ஈரமாக இருந்தது. பாக்கு மரங்கள் வரிசையாக மேலே போய் வானத்தை மறைத்துக்கொண்டிருந்தன. அடியில் மிளகுக் கொடி, வாழை, காலை வைத்த இடமெல்லாம் சதசதவென்று. முதல் நாள் விழித்ததும் பழக்க தோஷத்தில் எழுந்து சமையல் கட்டைத் தேடினேன். விஜயம்மா என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார். அறைக்கு வந்து உட்கார்ந்தேன். செய்வதற்கு ஒன்றும் இல்லை. நான் இளைத்தேனா பெருத்தேனா என்று இங்கே யாருக்கும் தெரியாது, யாருக்கும் அதில் அக்கறையும் இல்லை. யாருக்கு எந்தப் பை, யார் வீட்டில் எத்தனை நாள், யார் முகம் ஏன் வாடிற்று, ஒன்றும் கிடையாது. ஊரை எனக்குப் பிடிக்கும், அங்கே இருக்கிறவர்கள் என் உயிர். ஆனாலும் அந்தக் காலையில் நாற்காலியில் சும்மா உட்கார்ந்து மழையைப் பார்த்தபோது, இத்தனை வருடம் விடுமுறை என்ற பெயரில் நான் இன்னொரு வேலைக்குப் போய் வந்திருக்கிறேன் என்று பட்டது. இதைப் படிக்கிற என் அண்ணி கோபித்துக்கொள்ள மாட்டார். நாங்கள் கிளம்பிப் போனதும் அவரும் இப்படித்தான் ஒரு நாற்காலியைத் தேடி உட்காருவார்.

கடலுக்கு மாலையில் போனோம். தென்னந்தோப்பைத் தாண்டி ஒரு மணல் மேடு, அதன் மேல் ஏறினால் கடல். சொல்லப்போனால் எனக்கும் அது அத்தனை கிட்டத்தில் பழக்கமில்லை. தேனு ஓடவில்லை, கத்தவில்லை. அந்த வயதுக்கு அதெல்லாம் கௌரவக் குறைவு. பேண்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு போய், முதல் அலை வந்து காலைத் தொடும் வரை அசையாமல் நின்றாள். தொட்டதும் தோளைக் குறுக்கிக்கொண்டாள். முரளி போட்டோ எடுக்கக் கூப்பிட்டார், திரும்பவில்லை. வெகு நேரம் கழித்து என் பக்கத்தில் வந்து நின்றாள். உப்புக் காற்றில் முடி முகத்தில் ஒட்டியிருந்தது.

"மா, அடுத்த லீவுக்குத் தாத்தாவையும் கூட்டிட்டு வரலாமா?"

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். தாத்தாவுக்காக அல்ல, அது அப்புறம். கேட்டாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு என்னிடம் ஒன்றைக் கேட்டாள், பத்தாம் வகுப்பு, டியூஷன் எதையும் நினைக்காமல், கிடைக்கும் என்கிற குரலில் கேட்டாள். வரலாம் என்று சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, முரளி திரும்பிப் பார்த்தார்.

தாத்தாவுக்கு மூக்கு வியர்த்திருக்க வேண்டும், போன் வந்தது. அன்று அது மூன்றாவது அழைப்பு. விஜயம்மாவும் எங்களோடு வந்திருந்தார், மணலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். அலைச் சத்தத்தில் கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்னாம்மா, தண்ணி பக்கமா நிக்கறீங்க? சத்தம் கேக்குது."

"கரையிலதான்பா இருக்கோம்."

"மழ இருக்குதுன்னு நியூஸ்ல சொல்றான். பாப்பா எங்க?"

"இங்கதான், பக்கத்துலதான். நீங்க யோசனை பண்ணாதீங்கப்பா."

"நான் யோசிக்காம வேற யாரும்மா யோசிக்கறது?" என்றார் அப்பா. குரலில் மெய்யாகவே கொஞ்சம் வருத்தம் இருந்தது. "இங்க ஒக்காந்துகினு எனக்கு வேற என்னா வேல?"

விஜயம்மாவுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அந்த ஒரு சொல் தெரியும். யார் என்று கையால் கேட்டார். அப்பா என்றேன், அது இரண்டு மொழியிலும் அப்பாதான். உடனே போனை நோக்கிக் குனிந்து, உரக்க, "யோச்னெ மாட்பேடி!" என்றார்.

"யாரும்மா அது? என்ன யோசிக்கக்கூடாதுன்னு சொல்றது?"

தேனு என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள். "தாத்தா, அவங்க வீட்லதான் இருக்கோம். கவலப்படாதீங்கன்னு சொல்றாங்க. கன்னடத்துல யோச்னென்னா கவலை, தாத்தா."

அந்தப் பக்கம் அவர் அதை வாய்க்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பஸ் நேரத்துக்கு வந்து சேராதபோதும் நேரத்தை அப்படித்தான் சொல்லிப் பார்ப்பார். பிறகு கேட்டார், கோபமில்லை, தெரிந்துகொள்ளக் கேட்கிற குரல்.

"அப்போ இவ்ளோ நேரம் உங்கம்மா எங்கிட்ட கன்னடத்துலயா பேசிகினு இருந்தா?"

தேனு போனை என் பக்கம் நீட்டினாள். இல்லப்பா, தமிழ்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். 'யோசனை பண்ணாதீங்க' என்று அவரிடம் எந்த அர்த்தத்தில் சொன்னேன் என்று நினைத்துப் பார்த்தேன், விஜயம்மாவின் அர்த்தம்தான். போனில் அப்பா காத்திருந்தார். விஜயம்மா, அவர் என்ன கேட்டார் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.